குடம் நுழையும், பீரோ நுழையாது

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்டேஷன் வாசலில் கதம்பம் கட்டிக்கொண்டிருப்பவர்களைத் தாண்டி, மரம் கவிந்த தெரு வழியாக இந்த அரங்குக்கு வந்திருப்பீர்கள். தாராவிக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தண்டவாளத்தின் அந்தப் பக்கம் ஒரு காற்று, இந்தப் பக்கம் ஒரு காற்று. இந்தத் தெருவை இவ்வளவு அகலமாகப் போட்டது யார், எதற்காகப் போட்டார்கள்? நம் தாத்தாக்கள் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு ரயிலேறி வந்தபோது, குடியிருக்க மாட்டுங்கா என்று ஓர் இடம் எப்படித் தயாராக இருந்தது?

இதற்குக் காரணம் தேடிப் போனால் 1898-ல் சட்டம் போட்டு அமைத்த பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டில் போய் நிற்போம். அதற்கும் பின்னால் 1896-ல் வந்த பிளேக் நிற்கிறது. பிளேக்குக்குப் பின்னால் எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி, தெள்ளின் வயிற்றில் ஒரு கிருமி, கிருமிக்குள் சில நொதிகள். என்சைம் என்று பள்ளியில் படித்தோமே, அவைதான். அந்த நொதிகளை எழுதிவைத்திருக்கும் மரபுச் சுவடியில் சில எழுத்துகள் மாறியிருந்தன. இன்று நான் பேச வந்தது அந்த எழுத்துகளைப் பற்றி. பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளி பல்லியாகும், மரம் மறமாகும். கிருமியின் சுவடியில் நான்கே எழுத்துகள். அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். மூன்றெழுத்துக்கு ஒரு மணி என்று கோத்துக்கொண்டே போனால் ஒரு புரதம் வரும். நொதி அந்தப் புரதங்களில் ஒரு வகை. ஓர் எழுத்து மாறினால் ஒரு மணி மாறலாம். ஓர் எழுத்து கூடுதலாக நடுவில் புகுந்தால், பின்னால் வரும் பிரிப்பெல்லாம் நகர்ந்துபோய் வரியே குலைந்துவிடும்.

பிளேக் கிருமியில் இரண்டும் நடந்திருக்கின்றன. அதன் மூதாதைக் கிருமி வயிற்றுக் கோளாறு கொடுக்கிற ஒன்று, உயிரைக் குடிப்பது அரிது. அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருந்தது. அந்த நொதி தெள்ளுக்கு நஞ்சு. கிருமியைக் குடித்த தெள்ளுகளில் ஒரு பகுதி செத்துப்போகும். சுமப்பவனையே கொன்றால் கிருமி எப்படி ஊர் ஊராகப் போகும்? சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யூரியேஸுக்கான ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாகப் புகுந்தது. வரி குலைந்தது, நொதி செத்தது, தெள்ளு பிழைத்தது. 2014-ல் இதைச் சோதித்தவர்கள் அந்த எழுத்தைத் திருத்தி யூரியேஸை மீட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள்; தெள்ளுகள் மறுபடி சாகத் தொடங்கின. ஒரு நொதியை இழந்ததால் ஒரு கிருமி பயங்கரமானது என்பதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு நொதி, பிளா என்பது. தெள்ளு கடித்த இடத்தில் நம் உடம்பு கிருமியைச் சுற்றி உறைந்த ரத்தத்தால் ஒரு வலை கட்டப் பார்க்கும். பிளா அந்த வலையைக் கரைக்க வழிசெய்கிறது. இதிலும் பழைய வடிவம், புதிய வடிவம் என்று இரண்டு உண்டு. 259-ஆம் மணி பழையதில் ஐசோலூசின், புதியதில் த்ரியோனின். சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2015-ல் இரண்டையும் எலிகளில் ஒப்பிட்டார்கள். புதிய வடிவம் உள்ள கிருமிதான் கடிவாயிலிருந்து உடம்பின் உள்ளே ஆழமாகப் பரவியது. உலகை உலுக்கிய பெருங்கொள்ளைகளின் கிருமிகளில் இருப்பது அந்தப் புதிய மணி.

ஆனால் அந்த எழுத்துகள் மாறி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. பம்பாய்க்குப் பிளேக் வந்தது 1896 செப்டம்பரில். 1894-ல் ஹாங்காங்கை வாட்டிய நோய், மாண்ட்வியில், துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளுக்குப் பக்கத்து வீடுகளில் தலைகாட்டியது. அதைக் கண்டறிந்தவர் அக்காசியோ கேப்ரியல் வியேகஸ் என்ற கோவாக்கார மருத்துவர். எட்டு லட்சம் பேருக்கு மேல் இருந்த நகரம் சில மாதங்களில் பாதி காலியானது. ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த வால்டெமர் ஹாஃப்கின் பைகுல்லாவின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இரவும் பகலும் உழைத்துத் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரால் இருக்கும் நிறுவனத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் ஆபீசுக்குப் போய் வருகிறோம். தெள்ளுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று 1898-லேயே பால்-லூயி சிமோன் சொன்னார், யாரும் நம்பவில்லை. பின்னால் கிளென் லிஸ்டன் என்ற மருத்துவர் இதே பம்பாயில், எலிகள் செத்து ஆட்கள் வெளியேறிய சால் எனும் வரிசைக் குடியிருப்பு வீடுகளுக்குள் கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தார். அவற்றின் மேல் எலித்தெள்ளுகள் மொய்த்திருந்தன. அதன் பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

எழுத்து மாறிய கிருமிக்கு ஒரு கப்பல் வேண்டியிருந்தது, ஒரு கிடங்கு வேண்டியிருந்தது, வெயில் எட்டாத பத்துக்குப் பத்து அறையில் பத்துப் பேர் படுக்கும் ஒரு சால் வேண்டியிருந்தது. இந்தியாவில் அது ஒரு கோடி உயிருக்குக் குறையாமல் கொண்டுபோனது. அதனால்தான் மாணவர்களிடம் நான் சொல்வேன்: எழுத்து மாற்றம் நோய்க்குக் காரணம் என்று எழுதாதீர்கள், அதற்கு நோயில் ஒரு பங்கு இருக்கிறது என்று எழுதுங்கள். மீதிப் பங்கு யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் திறந்தே இருக்கும்.

இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அந்த மீதிப் பங்கைத்தான் கையில் எடுத்தது. அதன் ஆட்சி முறையில் கொடுமை உண்டு. சந்து சந்தாக இடித்துத் தள்ளியபோது ஏழைகள் எங்கே போனார்கள் என்று அது அதிகம் கவலைப்படவில்லை. ஆனாலும் ஒரு நல்ல விதியை அது விட்டுச்சென்றது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் என்பவர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு கணக்குப் போட்டார். அதன் பெயர் அறுபத்து மூன்றரைப் பாகை விதி. எளிதாகச் சொன்னால், ஜன்னலுக்கு எதிரே எவ்வளவு இடம் விடுகிறீர்களோ, எதிர்க் கட்டடம் அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. இருபது அடி விட்டால் நாற்பது அடி வரை கட்டலாம். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் எல்லாம் டிரஸ்ட் திட்டம் போட்டு மனை பிரித்த பகுதிகள். நம் வீட்டு ஜன்னல்களில் காலை வெயில் விழுகிறதென்றால் அதற்குப் பின்னால் அந்தப் பிளேக் இருக்கிறது.

எழுத்து மாறிய இன்னொரு கிருமியின் கதையும் நமக்குப் பக்கத்தில்தான். இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், வடாலாவில், ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1890-ல் வீடற்ற தொழுநோயாளிகளுக்கென்று தொடங்கியது. மாட்டுங்கா ஆஸ்பத்திரி என்றே பழைய ஆட்கள் சொல்வார்கள். தொழுநோய்க் கிருமியின் முழுச் சுவடியையும் 2001-ல் படித்து முடித்தார்கள். படிப்பதற்கு எடுத்துக்கொண்ட கிருமி வகையின் பெயர் டிஎன். தமிழ்நாடு என்பதன் சுருக்கம் அது; அங்கே ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. வேலை செய்யும் மரபணுக்கள் அதில் 1,600 அளவுக்கு இருக்க, சிதைந்துபோன மரபணுக்கள் 1,100-க்கு மேல். பாழடைந்த வீடுபோல் இருக்கிறது அந்தச் சுவடி. சிதைந்தவற்றில் ஒன்று காட்ஜி. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொழுநோய்க் கிருமியில் அது பாழ். அதன் சொந்தக்காரனான காசநோய்க் கிருமியில் அது உயிரோடு இருக்கிறது. இனி நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

டிபி என்றால் இங்கே தெரியாத வீடு கிடையாது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை இன்றும் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. நானும் அந்தச் சந்துகளில் வளர்ந்தவன்தான். எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு மாடி அறை. அதற்கு ஓர் இரும்பு ஏணி, ஓர் ஆள் சாய்ந்து ஏறும் அகலத்துக்கு ஒரு வாசல். அங்கே குடியிருந்த அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு ஒரு பீரோ வாங்கி வந்தார். தண்ணீர்க் குடம் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிற அந்த வாசலில் பீரோ நுழையவே இல்லை. பீரோ சந்தில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வாரம் நின்றது. பல வருஷம் கழித்து ஒரு நொதியின் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐசோநியாசிட் 1952-ல் காசநோய்க்கு வந்த மருந்து. மலிவு, நல்ல சக்தி. ஆனால் அதைக் கிருமிக்குள் அனுப்பும்போது அது வெறும் பூட்டிய டப்பாதான். அதைத் திறந்து நஞ்சாக்குவது கிருமியின் சொந்த நொதி. காட்ஜி மரபணு எழுதும் கேட்டலேஸ்-பெராக்சிடேஸ் என்ற நொதி அது. திறந்ததும் வெளிவருவது கிருமியின் மெழுகுச் சுவர் கட்டும் வேலையை நிறுத்திவிடும். சுவர் இல்லாமல் கிருமி சாகும்.

அப்படியானால் கிருமி அந்த நொதியை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? நம் உடம்பின் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கி ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் தாக்கும். மருந்துக் கடையில் புண்ணில் ஊற்ற வாங்குவோமே, அதே பொருள். புண்ணில் பட்டதும் பொங்கி நுரைப்பது நம் ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸால்தான். கிருமியின் நொதியும் அதேபோல் பெராக்சைடை உடைத்துத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முட்டையும் மாலகைட் பச்சையும் சேர்த்துச் செய்த சாய்வுக் குழாயில் கிருமியை வளர்ப்போம். ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருந்தால் பச்சைத் தரையில் ரொட்டித் தூள் சிந்தியதுபோல் வெளிர்மஞ்சளாக, சொரசொரப்பாகக் கிருமிக்கூட்டம் முளைத்திருக்கும். அதன் மேல் ஒரு சொட்டு பெராக்சைடு விட்டால் சின்னச் சின்னக் குமிழாக நுரை எழும். அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி, மூச்சை அடக்கி நுரையைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்கள் எனக்கு எத்தனையோ.

1954-ல் மிடில்புரூக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். ஐசோநியாசிட்டுக்கு மசியாத கிருமிகள் பல, நுரைப்பதை நிறுத்தியிருந்தன. அவற்றைக் கினிப்பன்றிக்குக் கொடுத்தால் நோயும் பெரிதாக வரவில்லை. டப்பாவைத் திறக்கும் கையை வெட்டிக்கொண்ட கிருமி, தன் கேடயத்தையும் சேர்த்து இழந்திருந்தது. மருந்துக்குத் தப்பிய கிருமி நோஞ்சான் கிருமி என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அதே காலத்தில் சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்திலும் தப்பிய கிருமி நோஞ்சானா என்ற கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகள் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளைவிடக் கினிப்பன்றிகளில் சாதுவாக இருந்ததும், பெராக்சைடைத் தாங்குவதில் வேறுபட்டதும் 1960 வாக்கில் பதிவாகியிருக்கிறது. கிருமி என்றால் ஒன்றல்ல, ஊருக்கு ஊர் வேறுபடும் என்று நம் ஆட்களின் சளிதான் உலகுக்குக் காட்டியது.

மிடில்புரூக் தந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 1992-ல் காட்ஜி மரபணுவைக் கண்டுபிடித்து, நோயாளிகளின் கிருமிகளில் அதைப் படிக்கத் தொடங்கியபோது உலகமெங்கும் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தது. 740 மணிகள் கோத்த அந்த நொதியில் 315-ஆவது மணி. அங்கே செரின் இருக்க வேண்டிய இடத்தில் த்ரியோனின். சுவடியில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து: ஜி இருந்த இடத்தில் சி. காசநோய்க் கிருமியின் முழுச் சுவடி 44 லட்சம் எழுத்துக்கு மேல். பக்கத்துக்கு 1,500 எழுத்தாக அச்சடித்தால் ஏறக்குறைய 3,000 பக்கம். அதில் ஓர் எழுத்து.

அந்த ஓர் எழுத்து செய்தது என்ன தெரியுமா? நொதியின் நடுவில் ஒரு குழி இருக்கிறது, வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும். குழிக்குப் போக ஓர் இடுக்கு வழி. 315-ஆம் மணி நிற்பது அந்த வழியில். த்ரியோனின் வந்ததும் வழி இன்னும் குறுகிவிட்டது. பெராக்சைடு சின்ன மூலக்கூறு, அது முன்போல் நுழைகிறது. ஐசோநியாசிட் பெரிது, அது நுழைய முடியவில்லை. குடம் நுழைகிறது, பீரோ நுழையவில்லை. நுரை இருக்கிறது, கேடயம் இருக்கிறது, நோய் தரும் வலு பெருமளவு அப்படியே இருக்கிறது. மருந்து மட்டும் வாசலில் நிற்கிறது.

இந்த எழுத்தை யார் மாற்றினார்கள்? யாரும் மாற்றவில்லை. கிருமி தன் சுவடியை ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் எங்காவது கை தவறும். நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளியிடம் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். மருந்து ஒரு வேளைகூடச் சாப்பிடாதவரிடமே பத்து லட்சத்தில் ஒன்று ஐசோநியாசிட்டுக்குத் தப்பும் எழுத்தோடு இருக்கும். ரிஃபாம்பிசினுக்குத் தப்புவது பத்துக் கோடியில் ஒன்று. சிறுநீரைச் செந்நிறமாக்குமே, அந்த மருந்து. அது பிடிப்பது ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற வேறொரு நொதியை. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தப்பும் கிருமி வேண்டுமென்றால் ஒன்று போட்டுப் பதினான்கு பூஜ்யம் போட வேண்டும். அவ்வளவு கிருமி யார் உடம்பிலும் கிடையாது. பல மருந்து சேர்த்துக் கொடுப்பது இந்தக் கணக்கினால்தான்.

கை தவறுவது தற்செயல். தவறிய எழுத்துகளில் எது நிலைத்து, எது ஊரெல்லாம் பரவுகிறது என்பதில் மட்டும் நம் கை இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. எத்தனையோ நோய்க்கு அது சரியாக இருக்கலாம். டிபிக்கு அது எமன். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதும் இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடம்பில் சதை பிடிக்கும். கூலி வேலை அழைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும். மருந்து நிற்கும். எளிதில் சாகும் கிருமிகள் செத்திருக்கும். எழுத்து மாறியவை காலியான நிலத்தில் பயிராகும். மருந்தை நிறுத்திய ஆளை நான் குறை சொல்லமாட்டேன். என் சொந்தத் தாய்மாமாவே மூன்றாவது மாதம் நிறுத்தினார். அன்று அவர் மருந்து வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு முறை மாத்திரை தீர்ந்துபோய்த் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது முறை அவர் போகவில்லை.

மருந்து எழுதுகிறவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தாராவியில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் 106 மருத்துவர்களிடம், நுரையீரல் காசநோய்க்கு மருந்து எழுதச் சொல்லிக் கேட்ட ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. இந்துஜா மருத்துவமனையின் ஜரீர் உத்வாடியா குழுவினர் செய்தது. 106 பேர் 63 விதமாக எழுதினார்கள். சரியாக எழுதியவர்கள் 6 பேர். அதற்கு இருபது ஆண்டுக்கு முன்னால் மும்பையில் இதேபோல் கேட்டபோது நூறு பேர் அளவில் 80 விதமாக எழுதியிருந்தார்கள். இரவு பதினொரு மணிக்கும் கதவைத் திறந்துவைத்து, ஐம்பது ரூபாய்க்குப் பார்த்து அனுப்பும் டாக்டர்கள் இவர்கள். நம் மக்களுக்கு முதல் துணை அவர்கள்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் 63 விதமான மருந்துச் சீட்டு என்பது, கிருமிக்கு 63 விதமான பயிற்சி.

அந்த உத்வாடியாவே, 2012-ல் அச்சேறிய ஒரு கடிதத்தில், மும்பையில் நான்கு நோயாளிகளின் கிருமிகள் சோதித்த எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்று எழுதினார். உலகம் அதிர்ந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத டிபி என்று அவர் கொடுத்த பெயரை அரசு ஏற்கவில்லை. பெயரைப் பற்றித்தான் பெரிய விவாதம் நடந்தது. எனக்கு அந்தக் கடிதத்தில் வலித்தது வேறொரு வரி. நால்வரில் மூவர் பதினெட்டு மாதத்தில் சராசரியாக நான்கு டாக்டர்களிடம் போயிருந்தார்கள்; பழைய மருந்து தோற்கத் தோற்க அந்த டாக்டர்கள் ஒவ்வொன்றாகப் புது மருந்து சேர்த்திருந்தார்கள். ஒரு சமயத்தில் ஒரு மருந்து என்றால் கிருமிக்கு ஒரு சமயத்தில் ஓர் எழுத்து போதும். பதினான்கு பூஜ்யத்தைத் தாண்ட வேண்டியதில்லை. வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஆஃப்லாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகையும் அப்படித்தான். அவை பிடிப்பது கைரேஸ் என்ற நொதியை. மும்பையில் கடுமையான டிபி கிருமிகளில் கைரேஸ் எழுத்து மாறியவை ஏராளம்.

கனாமைசின் ஊசி என்று ஒன்று இருந்தது. ஐஸ் என்ற நொதி அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகும்படி எழுத்து மாறிய கிருமி, அந்த மருந்தின் மேல் ஒரு முத்திரையைக் குத்திச் செல்லாததாக்கிவிடும். அந்த ஊசி வகை நோயாளியின் காதையும் கெடுக்கும். மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் 2013-ல் டிபி சிகிச்சையின்போது செவித்திறனை இழந்தவர், பரதநாட்டியம் ஆடுகிறவர். பெடாகுவிலின் என்ற புது மாத்திரைக்கான காப்புரிமையை நீட்டிக்கக் கம்பெனி கேட்டபோது, தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயோடு சேர்ந்து அவர் எதிர்மனு போட்டார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கைதட்டினேன், வீட்டில் தனியாக உட்கார்ந்து. பெடாகுவிலின் பிடிப்பதும் ஒரு நொதியைத்தான். கிருமியின் எரிசக்தியைத் தயாரிக்கும் நொதி. அதற்கும் தப்பும் எழுத்துகள் உலகில் அங்கங்கே முளைத்துவிட்டன. இந்த மருந்தையும் பழையவற்றைப்போல் செலவழித்துவிட நமக்கு உரிமை இல்லை.

மருந்தோடு முடிவதில்லை. ஜே.பி. ஓர் போட்ட ஜன்னல் விதியைச் சற்றுமுன் சொன்னேன். செம்பூரிலிருந்து வந்தவர்களுக்கு மான்குர்த், கோவண்டிப் பக்கத்து லல்லுபாய் காம்பவுண்டும் நட்வர் பாரிக் காம்பவுண்டும் தெரியும். குடிசைகளை எடுத்துவிட்டு மாற்று வீடாகக் கொடுத்த மாடிக் கட்டடங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சில மீட்டர்தான்; கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், காற்றும் வெயிலும் வராத அந்த வீடுகளில், அருகில் இடம்விட்டுக் கட்டிய பிஎம்ஜிபி காலனியைவிட டிபி பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கிருமி ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான், ஜன்னல்தான் வேறு. தாராவியை இடித்துக் கட்டப்போகும் இந்த நேரத்தில், வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று நாம் கேட்கிறோம். ஜன்னலுக்கு எதிரே எத்தனை அடி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கூட்டம் போட்டுக் கேளுங்கள், மனு எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு பையனைப் பற்றி. சில வருஷங்களுக்கு முன்னால், தாராவியில் எனக்குத் தெரிந்த குடும்பம், இட்லி அவித்து விற்கிறவர்கள். மகனுக்குப் பதினாறு வயது, டிபி. முதல் சோதனையில் ரிஃபாம்பிசின் கேட்கும் என்று வந்தது, வீட்டில் சந்தோஷம். அடுத்து எல்பிஏ என்ற பட்டைச் சோதனை. காகிதப் பட்டையில் கோடு கோடாக விழும். எந்தக் கோடு விழுந்தது, எது விழவில்லை என்று பார்த்து எழுத்தைச் சொல்லலாம். காட்ஜி 315 மாறியிருந்தது. அந்த அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எழுத்து மாறியிருக்குன்னு சொன்னாங்க அண்ணாச்சி. நல்ல எழுத்தா, கெட்ட எழுத்தா?"

நல்ல கேள்வி அது. இன்எச்ஏ என்ற மரபணுவுக்கு முன்னால் எழுத்து மாறியிருந்தால் ஐசோநியாசிட்டையே அளவு கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். கொஞ்சம் நல்ல எழுத்து. காட்ஜி 315 என்றால் அளவு கூட்டியும் பெரிதாகப் பயனில்லை. அதைச் சொன்னேன். மற்ற மருந்துகள் கேட்கும் என்பதையும் சொன்னேன். அவர்கள் வீட்டு ஏணியைக் காட்டி, குடத்தையும் பீரோவையும் வைத்துத்தான் சொன்னேன். அவர் சட்டென்று புரிந்துகொண்டார்.

"அப்ப சின்னதா, வேற மருந்தா அனுப்பணும்" என்றார்.

டாக்டர் ஐசோநியாசிட்டை எடுத்துவிட்டு லெவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், பைரசினமைடு என்று நான்கு மருந்து, ஆறு மாதம் எழுதினார். அந்த அம்மா விடிகாலை மூன்று மணிக்கு இட்லி மாவை எடுக்கும்போதே அன்றைய மாத்திரைகளை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணிப் போட்டு, குடத்து மூடியின் மேல் வைத்துவிடுவார். காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு சுழி. ஆறாவது மாதக் கடைசியில் பையனின் சளி என் மேசைக்கு வந்தது. நீலப் பின்புலத்தில் சிவப்புக் குச்சிகளைத் தேடி ஸ்லைடை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தேன். ஒன்றும் இல்லை. வளர்ப்புக் குழாயில் போட்டுவைத்தோம். எட்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது பச்சைத் தரை பச்சையாகவே இருந்தது.